ஐந்து மாதம் நான்கு நாள்: கஞ்சி ஆரம்பிக்கலாமா, ஆறு முடியட்டுமா?

பாம்பன் டீச்சர் | ஏப்ரல் 28, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு இன்றோடு ஐந்து மாதம் நான்கு நாள். முதல் பிள்ளை. தாய்ப்பால் மட்டும்தான். பிறக்கும்போது 2.9 கிலோ, போன வாரம் அங்கன்வாடியில் எடை போட்டபோது 6.4.

வீட்டில் பத்து நாளாக ஒரே பேச்சு. "பால் பத்தவில்லை, அதனால்தான் ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறான், கேப்பைப் பால் காய்ச்சிக் கொடு" என்கிறார் அத்தை. என் வீட்டுக்காரரை நான்கு மாதத்திலேயே கஞ்சி கொடுத்து வளர்த்தாராம். "அவன் இன்றைக்குக் கடலுக்குப் போகவில்லையா?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் வரவில்லை. என் அம்மாவோ, ஆறு முடிகிற வரை எதையும் வாயில் வைக்காதே என்று போனில் சொல்கிறார். நான் நடுவில் நிற்கிறேன்.

நேற்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் அத்தை ஒரு கரண்டி கஞ்சித் தெளிவை ஊட்டிவிட்டார். அவன் நாக்கை நீட்டி நீட்டி அவ்வளவையும் வெளியே தள்ளிவிட்டான். கழுத்து மடிப்பில் வழிந்து, கட்டியிருந்த கறுப்புக் கயிறு வரை நனைந்து கிடந்தது. எனக்கு முதலில் கோபம். அப்புறம் அத்தையின் முகத்தைப் பார்த்ததும் பாவமாகப் போய்விட்டது. அன்பில்தானே கொடுத்தார்.

ஆனால் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் அவன் எங்கள் வாயையே பார்க்கிறான், தட்டை எட்டிப் பிடிக்கிறான். அது பசி இல்லையா? ஜூன் முதல் வாரம் பள்ளி வேறு திறந்துவிடும். காலை எட்டு மணிக்குப் போனால் திரும்ப ஐந்து ஆகும். இப்போதே பழக்கினால்தானே அதற்குள் சாப்பிடக் கற்றுக்கொள்வான்? இந்த வெயிலுக்குத் தண்ணீராவது கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவிபட்டினம் அக்கா | ஏப்ரல் 28, இரவு 10.05

தங்கச்சி, நாக்கால் தள்ளினான் என்று எழுதியிருக்கிறாய் பார், அதுதான் அவனுடைய பதில். என் மூத்தவளும் ஐந்து மாதத்தில் இப்படித்தான் தள்ளினாள். மூன்று வாரம் கழித்து அதே கரண்டியை எட்டி வாங்கினாள். பொறு.

கீழக்கரை உம்மா | ஏப்ரல் 28, இரவு 11.20

நான் பொறுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் மகளுக்கு நாலரை மாதத்தில் ஆரம்பித்தேன். யாரும் வற்புறுத்தவில்லை, நானேதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது, இவள் ஒல்லியாக இருந்தாள். கேப்பையை ஊறவைத்து, அரைத்து, துணியில் வடிகட்டி எல்லாம் சுத்தமாகத்தான் செய்தேன். தண்ணீரை மட்டும் யோசிக்கவில்லை. எங்கள் தெருவில் குழாயில் வருவது உப்பு, குடிக்க வண்டித் தண்ணீர் குடம் கணக்கில் வாங்குவோம். கஞ்சியைக் காய்ச்சிவிட்டு, சூடு ஆறவில்லையே என்று குடத்திலிருந்து பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் கலக்கினேன். ஒன்பதாவது நாள் வயிற்றுப்போக்கு. இரண்டு நாளில் கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வரவில்லை. அவள் வாப்பா துபாயில். நானும் லாத்தாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். எடை ஏறட்டும் என்று கொடுத்தேன், 600 கிராம் இறங்கியதுதான் மிச்சம். அது திரும்பி வர ஒன்றரை மாதம் ஆனது.

தண்ணீர் இப்போது வேண்டவே வேண்டாம். தாய்ப்பாலில் 88 விழுக்காடு தண்ணீர்தான் என்று அங்கேதான் டாக்டரம்மா சொன்னார். தாகம் எடுத்தால் பிள்ளை அடிக்கடி பால் கேட்கும். நாம் குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற செவிலியர், இராமநாதபுரம் | ஏப்ரல் 29, காலை 6.15

கிராம சுகாதார செவிலியராக இந்தக் கடற்கரையில் பல வருஷம் வேலை பார்த்தவள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் அத்தையைப் பற்றி. அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாங்களே "நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆரம்பியுங்கள்" என்றுதான் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். 2001-இல் தான் உலக சுகாதார சபை அதை மாற்றி, முழுதாக ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று தீர்மானம் போட்டது. அதற்கு முன்னால் பிள்ளை பெற்றவர் அவர். அன்றைக்குச் சொன்னதை அவர் சரியாகச் செய்தார். இதை அவரிடம் இப்படியே சொல்லுங்கள். "நீங்கள் தப்பு" என்று ஆரம்பித்தால் காதை மூடிக்கொள்வார்கள், நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஏன் மாற்றினார்கள்? கீழக்கரைத் தங்கச்சி எழுதியதுதான் பெரிய காரணம். ஆறு மாதம் வரை பால் மட்டும் குடிக்கும் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைவு. வேறு எதையாவது கொடுத்தால் அந்த அளவுக்குப் பால் குறையும், அழுக்கு உள்ளே போக ஒரு வழியும் திறக்கும்.

உங்கள் மகன் பிறந்த எடையைப் போல் இரண்டு மடங்கு தாண்டிவிட்டான். நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போகிறானா? போனால் பால் பத்துகிறது. ராத்திரி எழுவதற்குப் பசி மட்டும் காரணம் இல்லை, இந்த வயதில் தூக்கமே மாறும். கஞ்சி கொடுத்த பிள்ளையும் எழுந்திருக்கத்தான் செய்யும். வாயைப் பார்ப்பது, தட்டைப் பிடிப்பது எல்லாம் ஆசை. சாவிக்கொத்தைக் காட்டினாலும் அப்படித்தான் பிடிப்பான்.

தலை ஆடாமல் நிற்க வேண்டும், பிடித்து உட்காரவைத்தால் சாயாமல் உட்கார வேண்டும், வாயில் வைத்ததை நாக்கால் தள்ளாமல் விழுங்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து வருவது பெரும்பாலும் ஆறு மாதத்தை ஒட்டித்தான். நாளும் வரட்டும், பிள்ளையும் தயாராகட்டும்.

மே 24-ஆம் தேதிக்கு ஆறு மாதம் முடிகிறது என்று கணக்குப் போட்டேன். பள்ளி திறக்க அப்புறமும் நாள் இருக்கிறது. இப்போது பழக்க வேண்டியது கஞ்சியை அல்ல, பாலைப் பீய்ச்சி வைப்பதை. கையாலேயே பீய்ச்சலாம். வெளியே வைத்தால் நான்கு மணி நேரம் என்பது கணக்கு, நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அவ்வளவு நம்ப வேண்டாம். ஃப்ரிட்ஜில் உள்பக்கமாக வைத்தால் ஒரு நாள் வரை கொடுக்கலாம். பாட்டில் வேண்டாம், பாலாடைக் கிண்ணத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். சங்கு என்றால் வெள்ளிச் சங்கோ எவர்சில்வரோ, விரல் விட்டுத் தேய்த்துக் கழுவ முடிகிறதாக இருக்கட்டும். அந்த வேலையை அத்தையிடம் ஒப்படையுங்கள். ஊட்ட வேண்டும் என்ற அவர் ஆசையும் தீரும்.

திருப்புல்லாணி மருமகள் | ஏப்ரல் 29, பகல் 1.30

அக்கா, எங்கள் வீட்டில் வேறு மாதிரி. பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதத்தில்தான் சோறூட்ட வேண்டும், ஐந்தாம் மாதத்தில் பெருமாள் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பத்தா நாள் பார்த்துவிட்டார். எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள், அந்தக் கோயில் பாயசம் சாப்பிட்டுத்தான் பிறந்தாள் என்று நம்புகிறார்கள். மறுக்க மனசு வரவில்லை.

ஓய்வுபெற்ற செவிலியர், இராமநாதபுரம் | ஏப்ரல் 29, பகல் 2.10

ஒற்றைப்படை என்றால் ஏழும் ஒற்றைப்படைதானே. ஆறு முடிந்து ஏழு நடக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். சாஸ்திரமும் நிற்கும், பிள்ளை வயிறும் நிற்கும். அப்பத்தாவிடம் நாளை மட்டும் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் பாயசத்தை உதட்டில் தொட்டு வைத்தால் போதும், கிண்ணம் நிறைய வேண்டாம்.

சாயல்குடி பெரியம்மா | ஏப்ரல் 29, மாலை 5.50

எங்கள் பக்கம் பிறந்ததும் சேனை வைப்பார்கள், சர்க்கரைத் தண்ணீரோ தேனோ. பிறகு கருப்பட்டி போட்டுத்தான் கஞ்சி. நல்ல பனங்கருப்பட்டி உடம்புக்கு நல்லதுதானே?

ஓய்வுபெற்ற செவிலியர், இராமநாதபுரம் | ஏப்ரல் 29, மாலை 6.30

தேன் ஒரு வயது முடிகிற வரை ஒரு சொட்டுக்கூடக் கூடாது அம்மா. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதை பிஞ்சுக் குடலுக்குள் முளைத்து நஞ்சு உண்டாக்கும், பிள்ளை துவண்டு போகும், மூச்சே நின்றுவிடலாம். காய்ச்சினாலும் அந்த விதை சாகாது. கருப்பட்டி அப்படி ஆபத்து இல்லை, ஆனாலும் அதுவும் இனிப்புதான். ஒரு வயது வரை உப்பும் இனிப்பும் சேர்க்காமல் பழக்குங்கள். நம் நாக்குக்குத்தான் சப்பென்று இருக்கும், அவர்களுக்கு இல்லை.

தொண்டி அம்மா | ஏப்ரல் 30, காலை 11.00

எல்லோரும் பொறு பொறு என்கிறீர்கள். சரிதான். ஆனால் இதைப் படிக்கிறவர்கள் யாரும் என்னைப் போல் ஆகிவிடக் கூடாது.

நான் பொறுத்தேன், ரொம்பப் பொறுத்துவிட்டேன். என் மகள் பால் நன்றாகக் குடித்தாள், எடையும் இருந்தது. ஆறு மாதத்தில் ஒரு வாய் கொடுத்தேன், துப்பினாள். சரி, வேண்டாம் என்கிறாள், பால்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். எட்டாம் மாதத்திலும் கஞ்சித் தண்ணீர், பருப்புத் தண்ணீர் மட்டும்தான். ஒன்பதாம் மாதத்தில் டீயில் நனைத்த ரஸ்க்கை விரும்பிச் சாப்பிட்டாள், அதையே காலையும் மாலையும் கொடுத்தேன். வெள்ளையாக இருக்கிறாளே என்று சொந்தக்காரர்கள் கொஞ்சினார்கள். நானும் பூரித்துப் போனேன். அது நிறம் இல்லை, சோகை. பதினோராம் மாதம் சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டி வாயில் வைக்க ஆரம்பித்தாள். தவழ்ந்து இரண்டடி போனதும் படுத்துக்கொள்வாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.9. இந்த வயதில் 11-ஆவது இருக்க வேண்டுமாம்.

டாக்டர் அப்போது சொன்னது: பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அம்மாவிடமிருந்து இரும்புச்சத்தை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்துக்குத்தான் வரும். தாய்ப்பாலில் எல்லாம் இருக்கிறது, இரும்பு மட்டும் மிகக் கொஞ்சம், ஒரு லிட்டரில் அரை மில்லிகிராம்கூடத் தேறாது. ஆறு மாதம் என்ற கணக்குக்குப் பின்னால் இந்தச் சேமிப்பும் இருக்கிறது என்று எனக்கு அன்றுவரை யாரும் சொல்லவில்லை. இருந்ததையும் டீ உடம்பில் சேரவிடாமல் தடுத்திருக்கிறது.

மூன்று மாதம் இரும்புச் சொட்டு மருந்து கொடுத்தேன். பல் ஓரம் கறுத்தது, மலம் கறுத்தது, பயந்து போனேன், அது மருந்தால்தானாம். இப்போது இரண்டரை வயது, ஓடுகிறாள். ஆனாலும் அந்த வெளுத்த உதட்டுப் படத்தை இன்னும் போனிலிருந்து அழிக்க முடியவில்லை. ஆறு முடிந்த மறுநாள் தயவுசெய்து ஆரம்பித்துவிடுங்கள். துப்பினால் மறுநாளும் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், இராமநாதபுரம் | ஏப்ரல் 30, பகல் 12.20

இதை எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள். தேசிய குடும்ப நல ஆய்வில் 2019-21 கணக்குப்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 67 பேருக்குச் சோகை. ஆறு மாதத்திலிருந்து வாரம் இரண்டு தடவை ஒரு மில்லி இரும்புச்சத்து மருந்து கொடுக்க அரசுத் திட்டமே இருக்கிறது, உங்கள் ஊர் செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள். அங்கன்வாடியில் சத்துமாவுக்கும் பெயர் கொடுத்துவிடுங்கள்.

கஞ்சித் தண்ணீர் பற்றி ஒன்று. ஆறு மாதப் பிள்ளையின் வயிறு ஒரு டம்ளர் அளவுதான், 200 மில்லி. அதைத் தண்ணீரால் நிரப்பினால் வயிறு நிறையும், சத்து போகாது. கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். சொட்டென்று ஓடக் கூடாது, தயங்கித் தயங்கி விழ வேண்டும். அதுதான் பதம். அதில் அரைக் கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள்.

மண்டபம் குறைமாதம் | ஏப்ரல் 30, இரவு 8.45

என் பையன் 33 வாரத்தில் பிறந்தவன். பிறந்த நாள் கணக்கில் ஆறு மாதம், ஆனால் தலையே நிற்கவில்லை. ஏழு வாரம் முன்னதாகப் பிறந்ததைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இரும்புச் சொட்டு மட்டும் இரண்டாம் மாதத்திலேயே ஆரம்பித்துவிட்டார்கள். குறைமாதப் பிள்ளைக்கு அடுத்த வீட்டுக் கணக்கு வேண்டாம், பார்க்கிற டாக்டரையே கேளுங்கள்.

பாம்பன் டீச்சர் | மே 3, இரவு 9.15

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இன்று சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்து இழை முழுவதையும் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். 2001-இல் மாற்றினார்கள் என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னார். "அப்ப எங்களுக்கு நர்சம்மா சொன்னது சரிதானே" என்றார். சரிதான் அத்தை என்றேன். தொண்டி அக்கா எழுதியதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அவருடைய இரண்டாவது பிள்ளையும் சுவரை நக்குமாம்.

அத்தை ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். மீன் எப்போது கொடுக்கலாம்? ஒரு வயதுக்கு மேல்தான் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்களாம். இப்போது மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகவில்லை, இவரும் வீட்டில்தான் இருக்கிறார். நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கிறது.

தங்கச்சிமடம் அப்பா | மே 3, இரவு 10.30

நாட்டுப்படகு மீன்தான் பிள்ளைக்கு நல்லது தங்கச்சி. கிழங்கான் வாங்கச் சொல்லுங்கள். நான் என் இரண்டு பிள்ளைகளுக்கும் அதைத்தான் கொடுத்தேன், ஊட்டியதும் நான்தான்.

செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பாக இருப்பதை எடுங்கள். உப்பு, மிளகாய் எதுவும் வேண்டாம், மஞ்சள் மட்டும் தடவி இட்லிப் பானையில் பத்து நிமிஷம். வெந்ததும் வால் பக்கம் பிடித்து மெல்லத் தூக்கினால் நடுமுள் தலையோடு சேர்ந்து வந்துவிடும். அதோடு விட்டுவிடாதீர்கள். வயிற்றுப் பக்கம் மயிர் போல முள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள், முள் குத்தும். நான் ஒரு கிழங்கானுக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வேன். அப்புறம் மசித்த சோற்றில் பிசைய வேண்டியதுதான்.

சுறா, பெரிய நெய்மீன் பிள்ளைக்கு வேண்டாம், பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும். தாய்க்குப் பால்சுறாப் புட்டு செய்கிற வழக்கம் இருக்கிறது என்று பிள்ளைக்கும் கொடுத்துவிடாதீர்கள். கருவாடும் வேண்டாம், முழுக்க உப்பு.

ஓய்வுபெற்ற செவிலியர், இராமநாதபுரம் | மே 4, காலை 6.00

தம்பி சொன்ன பக்குவம் அருமை. மீனும் முட்டையும் ஒரு வயது வரை காத்திருக்கத் தேவையில்லை, தள்ளிப்போட்டால் ஒவ்வாமை வராது என்று நினைத்த காலம் போய்விட்டது. ஆறு முடிந்ததும் முதலில் சோறும் பருப்பும், ஒரு வாரம் போனதும் மீன். புதிதாக ஒன்று கொடுத்தால் அதையே இரண்டு மூன்று நாள் கொடுத்து, தடிப்பு, வாந்தி வருகிறதா பாருங்கள். கேப்பை நல்லதுதான், சுண்ணாம்புச்சத்து நிறைய. ஆனால் இரும்புக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். மீன், ஈரல், முட்டை மஞ்சள்கருவில் எதையாவது தினமும் சேருங்கள். மீனில் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

குமட்டினால் பயப்படாதீர்கள். முகம் சிவந்து, சத்தம் போட்டு இருமினால் பிள்ளை தானே வெளியே தள்ளிவிடும். சத்தமே இல்லாமல் முகம் நீலமாகிறது என்றால்தான் அடைப்பு. உடனே முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ இருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கப் புரட்டி, நெஞ்சு நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

பாம்பன் டீச்சர் | மே 26, இரவு 8.00

நேற்று ஆரம்பித்துவிட்டோம். சித்திரைக்கார் அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, மசித்து, நெய் விட்டேன். கொதித்து ஆறிய தண்ணீர்தான், கரண்டி கிண்ணம் எல்லாம் வெந்நீரில் போட்டேன். யார் முதலில் ஊட்டுவது என்று யாரும் கேட்கவில்லை, நான் கிண்ணத்தை அத்தை கையில் கொடுத்துவிட்டேன். இவர் மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

முதல் வாய்க்கு முகத்தைச் சுளித்தான். இரண்டாவது வாய்க்கு நாக்கு வெளியே வரவில்லை. வாயை மூடிக்கொண்டு, கீழ் உதட்டை உள்ளே இழுத்துச் சப்பினான். தொண்டை அசைந்ததைப் பார்த்து அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார், கண் கலங்கிவிட்டது. மூன்று கரண்டியோடு தலையைத் திருப்பிக்கொண்டான். நாங்களும் நிறுத்திவிட்டோம். அப்புறம் வழக்கம்போல் பால் குடித்தான்.

ராத்திரி மூன்று தடவை எழுந்தான். அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

தேவிபட்டினம் அக்கா | மே 26, இரவு 8.20

சந்தோஷம் தங்கச்சி! நாளைக்கும் அதே மூன்று கரண்டி போதும். அவனாகக் கேட்பான்.

பாம்பன் டீச்சர் | ஆகஸ்ட் 27, இரவு 9.30

ஒன்பது மாத ஊசி போட்டாயிற்று, வைட்டமின் ஏ மருந்தும் கொடுத்தார்கள். 8.3 கிலோ. விரல் குத்திப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 11.4. தொண்டி அக்காவுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை, நடுவில் வாழைப்பழமோ அவித்த கிழங்கோ. காலையில் நான் கிளம்பும் முன்னும் சாயந்திரம் வந்ததும் பால். இவர் கடலுக்குப் போகாத நாளில் மீனை உருட்டி உருட்டி முள் பார்ப்பது இவர் வேலை, மற்ற நாளில் அத்தை. அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது, விரல் தெரியும். நேற்று அவர் எடுத்த முள்ளைத் தட்டு ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தார், எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது.

ஒரு கேள்வி இருக்கிறது. இப்போது மசித்துக் கொடுத்தால் தள்ளிவிடுகிறான், தானே கையால் எடுக்கப் பார்க்கிறான். இட்லியை விரல் நீளத்துக்கு வெட்டிக் கையில் கொடுக்கிறேன். மீனையும் அப்படிக் கட்டியாகக் கொடுக்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் பிசைந்தே கொடுக்கவா? தங்கச்சிமடம் அண்ணன் இருந்தால் சொல்லுங்கள்.